கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் வாங்குமுன்...

1956 நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லை களியக்காவிளையில் முடிந்தாலும் தமிழ் அங்கே முடிந்துவிடவில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்வது யாவரும் அறிந்ததே.

இக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நாடும் தொழில்களில் ஒன்று, இணையப் பக்கம் தயாரிக்கும் வேலை. 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம், பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வழியாகச் செல்லும் ரயில் பாதையிலேயே அமைந்திருப்பதால் இந்த ஆசை எழுவது இயல்பே. ஆனால் வேலை கற்கத் தொடங்குமுன் ஒரு கேள்வி வருகிறது: எந்த மென்பொருளில் எழுதிப் பழகுவது? விலை கூடிய கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்று யாரோ சொல்ல, தகப்பனார் பி.எஃப். கடனுக்கு மனுப் போடுகிறார். தாயார் கைவளையைக் கழற்றுகிறார். இது அவசியந்தானா?

டைப்ரைட்டரும் ஆபீசும்

இணையப் பக்கம் என்பது அடிப்படையில் வெறும் எழுத்துக் கோப்பு. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் சாதாரண எழுத்தாகவே அடிக்கலாம். அதற்கு உதவுவது 'கோட் எடிட்டர்'. பிழை தேடுதல், சோதித்துப் பார்த்தல், கோப்புகளை நிர்வகித்தல் அனைத்தையும் ஒரே இடத்தில் தருவது 'ஐ.டி.இ.'. முன்னது டைப்ரைட்டர் என்றால் பின்னது ஆபீஸ் முழுவதும் எனலாம். டைப் பழகுபவருக்குத் தனி ஆபீஸ் தேவையில்லை.

இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஏற்றது எது?

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட 'வி.எஸ். கோட்' எடிட்டர் இலவசம். 1 ஜி.பி. ராம் இருந்தால் போதும் என்று அந்நிறுவனமே கூறுகிறது. ஆயினும் பிரவுசரும் கூடவே ஓட வேண்டியிருப்பதால் 4 ஜி.பி. இருப்பது நல்லது. இதனுடன் சேர்க்கும் 'எக்ஸ்டென்ஷன்'களை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். கண்டதையெல்லாம் சேர்த்தால் கம்ப்யூட்டர் திணறும். அவற்றுள் தீங்கு செய்பவையும் உண்டு.

அதைவிடப் பழைய கம்ப்யூட்டர் என்றால் 'நோட்பேட் பிளஸ் பிளஸ்' அல்லது 'ஜீனி' போதுமானது. 'வெப்ஸ்டார்ம்' போன்ற ஐ.டி.இ.க்கு 8 ஜி.பி.யாவது இருந்தால்தான் வசதி. அதற்கும் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. வருமானத்துக்காக அல்லாமல் கற்பதற்காகப் பயன்படுத்துவோருக்கு 2024 அக்டோபர் முதல் அது இலவசம். பக்கத்தில் எங்கே பிழை என்று பார்க்கும் கருவியோ பிரவுசரிலேயே இருக்கிறது. எஃப்-12 விசையை அழுத்தினால் திறக்கும்.

பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று

கேரளத்துக்கே உரிய ஒரு விஷயமும் கவனிக்கத்தக்கது. 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் திருப்பியது. இன்று 'கைட்' நிறுவனம் அப்பணியைத் தொடர்கிறது. எனவே பிள்ளைகள் பள்ளியில் பழகுவது லினக்ஸ். வீட்டிலோ பெரும்பாலும் விண்டோஸ். நோட்பேட் பிளஸ் பிளஸ் விண்டோசுக்கென்றே செய்யப்பட்டது. வி.எஸ். கோடும் ஜீனியும் இரண்டிலும் ஓடும். பள்ளி மாணவருக்கு இவையே பொருத்தம்.

எல்லையோரக் கடைக்காரர் கேட்கும் பக்கத்தில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே வரும். கோப்பை 'யு.டி.எஃப்.-8' முறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதைக் குறிப்பிட வேண்டும். தவறினால் இரு மொழியும் புரியாத குறிகளாகச் சிதறிவிடக்கூடும். எந்த எடிட்டரைத் தேர்ந்தாலும் முதலில் பழக வேண்டிய பாடம் இது.

எடிட்டர் போனாலும் எழுத்து நிற்கும்

அடோபி நிறுவனம் 'பிராக்கெட்ஸ்' எடிட்டருக்கான ஆதரவை 2021 செப்டம்பர் 1-ல் நிறுத்தியது. கிட்ஹப் நிறுவனத்தின் 'ஆட்டம்' 2022 டிசம்பர் 15-ல் மூடப்பட்டது. பலரும் விரும்பிப் பயன்படுத்தியவை இவை. ஆனால் அவற்றில் எழுதப்பட்ட பக்கங்கள் அழியவில்லை. வெறும் எழுத்துக் கோப்பு ஆதலால் வேறு எந்த எடிட்டரிலும் திறந்தன. பழகிய விசைகளை மட்டுமே மாற்றிப் பழக வேண்டியிருந்தது. கற்றவருடைய சொத்து எச்.டி.எம்.எல்.லும் ஜாவாஸ்கிரிப்டும்தானே தவிர எடிட்டர் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடக்கூடிய இலவச எடிட்டர் ஒன்றைத் தேர்ந்து, ஆறு மாதம் அதிலேயே பழகுவது நல்லது. மாதம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருப்பது 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற கதையாகவே முடியும். ஆறு மாதத்தில் சொந்தமாக நாலு பக்கம் செய்து காட்டும் பிள்ளைக்கு, இருக்கும் கம்ப்யூட்டர் உண்மையிலேயே போதவில்லை என்றால், அப்போது கடன் மனுவில் கையெழுத்திடலாம். அதுவரை வளையல் தாயாரின் கையிலேயே இருக்கட்டும்.