‘கைதி’யும் 100 கோடி, ‘போலா’வும் 100 கோடி... ஒன்று பிளாக்பஸ்டர், இன்னொன்று ஏன் தடுமாறியது?

‘உலகம் முழுவதும் 100 கோடி வசூல்’ என்று போஸ்டர் வந்துவிட்டால் போதும், படம் ஹிட் என்று ரசிகர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனா அந்த ஒரு நம்பரை வைத்து லாபமா நஷ்டமா என்று சொல்லவே முடியாது. ஒரே கதையில் வந்த இரண்டு படங்களே இதற்கு சாட்சி.

லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் கார்த்தி நடித்த ‘கைதி’, 2019 அக்டோபர் 25-ல் தீபாவளி ரிலீஸாக வந்தது. அதே நாளில் எதிரில் நின்றது விஜய்யின் ‘பிகில்’. தியேட்டர்களில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. ‘கைதி’யின் பட்ஜெட் சுமார் 25 கோடி ரூபாய், உலகளாவிய வசூல் 100 கோடிக்கு மேல் என்பது சினிமா வர்த்தக வட்டாரத்தின் கணக்கு.

அதே கதையை அஜய் தேவ்கன் இந்தியில் தானே இயக்கி, நடித்து, 3டி-யில் ‘போலா’வாகக் கொடுத்தார். 2023 மார்ச் 30-ல் ரிலீஸ். பட்ஜெட் சுமார் 100 கோடி, வசூல் 110 கோடியைச் சுற்றி என்று மதிப்பிடப்பட்டது. வசூலில் இரண்டும் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில்தான். ஆனால் முதல் படம் எடுத்தவர்களைத் தூக்கிவிட்டது. இரண்டாவது படம் தியேட்டர் வருமானத்தில் போட்ட காசையே எடுக்கத் திணறியது.

190 ரூபாய் டிக்கெட்டில் தயாரிப்பாளர் கைக்கு வருவது எவ்வளவு?

2019-ல் தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸ் ஒன்றில் 150 ரூபாய் கட்டண டிக்கெட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் மேல் தமிழ்ப் படத்துக்கு உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதம், 100 ரூபாய்க்கு மேல் போனதால் ஜிஎஸ்டி 18 சதவீதம். ரசிகர் கொடுப்பது சுமார் 190 ரூபாய். இதில் 40 ரூபாய் வரியாகப் போய்விடும். ஆன்லைன் புக்கிங் கட்டணம் தனி, அதில் படக்குழுவுக்குப் பங்கே கிடையாது.

மிச்சம் 150. அதில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. முதல் வாரம் விநியோகஸ்தர் பக்கம் பங்கு கூடுதலாக இருக்கும். வாரம் போகப் போக தியேட்டர் பங்கு ஏறிக்கொண்டே போகும். சிங்கிள் ஸ்கிரீனில் நடிகர் யார், ஊர் எது என்பதைப் பொறுத்து சதவீதம் மாறும். ‘கைதி’ போல வாய்வழிப் பேச்சில் மெதுவாகப் பிக்கப் ஆகும் படத்துக்கு இது பாதகமான ஏற்பாடுதான். கூட்டம் வரும் நேரத்தில் பங்கு குறைய ஆரம்பித்துவிடும்.

விநியோகஸ்தருக்கு வரும் 75 ரூபாயிலும் அவருடைய கமிஷன், போஸ்டர் செலவு, கியூப் போன்ற டிஜிட்டல் திரையிடல் கட்டணம் எல்லாம் கழியும். அதனால்தான் வர்த்தகத்தில் ‘கிராஸ்’ வேறு, ‘ஷேர்’ வேறு என்று பிரித்துப் பேசுகிறார்கள். போஸ்டரில் வருவது கிராஸ், பேங்க் அக்கவுண்டுக்கு வருவது ஷேர்.

தோராயமாக 100 கோடி கிராஸுக்கு 40 கோடி ஷேர் என்று வைத்துக்கொண்டால், 25 கோடி படத்துக்கு தியேட்டரிலேயே லாபம். 100 கோடி படத்துக்கோ பாதிக்கு மேல் வெளியிலிருந்து வர வேண்டும்.

25 கோடியில் எப்படி முடிந்தது?

‘கைதி’ ஒரே இரவில் நடக்கும் கதை. ஹீரோவுக்குப் படம் முழுக்க ஒரே சட்டை. ஹீரோயின் இல்லை, பாட்டு இல்லை, அதனால் ஃபாரின் ஷூட்டிங்கும் இல்லை. பாதிக் கதை லாரியிலும் ரோட்டிலும் ஓடுகிறது, மீதி கமிஷனர் ஆபீஸுக்குள். மலிவான படம் என்று சொல்லிவிட முடியாது. இரவு முழுக்க லைட்டிங், ஸ்டண்ட், கிளைமாக்ஸ் துப்பாக்கி என்று செலவு இருக்கிறது. ஆனால் அந்தச் செலவு அப்படியே திரையில் தெரிகிறது.

இன்னொரு செலவு திரையில் தெரியவே தெரியாது: வட்டி. தமிழ் சினிமாவில் ஃபைனான்ஸ் வட்டி ஆண்டுக்கு 24 முதல் 36 சதவீதம் வரை போவது சாதாரணம். 12 கோடி கடன், மாதம் 2 சதவீதம் என்றால் ஒரு மாதத் தாமதத்துக்கு 24 லட்சம். ஹீரோ கால்ஷீட் தள்ளிப்போனாலும், ரிலீஸ் தேதி மாறினாலும் இந்த மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மீடியம் பட்ஜெட் படங்கள் பலவற்றை சாய்ப்பது சண்டைக்காட்சி செலவை விட இந்த வட்டிதான்.

நஷ்டம் வந்தால் யார் தலையில்?

இது படம் எப்படி விற்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. செங்கல்பட்டு, கோவை, திருச்சி-தஞ்சாவூர், மதுரை-ராமநாதபுரம் என்று ஏரியா ஏரியாவாக ‘மினிமம் கேரண்டி’யில் விற்றிருந்தால், படம் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளர் வாங்கிய பணம் வாங்கியதுதான். அடி விநியோகஸ்தருக்கு. ‘அட்வான்ஸ்’ முறை என்றால் குறைந்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். வெறும் கமிஷன் அடிப்படை என்றால் மொத்த ரிஸ்க்கும் தயாரிப்பாளருடையது. பெரிய ஹீரோ படங்களுக்குத்தான் எம்.ஜி. சுலபமாகக் கிடைக்கும். ஒரு படம் தோற்றால் ‘நஷ்டஈடு கொடுங்க’ என்று விநியோகஸ்தர்கள் கிளம்புவதும் அங்கிருந்துதான்.

தியேட்டருக்கு வெளியே

சாட்டிலைட், ஓடிடி, இந்தி டப்பிங் உரிமைகள் ஆக்‌ஷன் படத்துக்கு நல்ல விலை போகும். அடிதடிக்கு மொழி தேவையில்லை. ‘கைதி’க்குப் பாட்டு இல்லாததால் ஆடியோ உரிமையில் பெரிதாக எதிர்பார்க்க வழியில்லை, பதிலுக்கு தெலுங்கு டப்பிங்கும், இந்தி ரீமேக்கும் கிடைத்தன.

ஆனால் 2019 நிலவரம் இப்போது இல்லை. கொரோனா காலத்தில் போட்டி போட்டு வாங்கிய ஓடிடி நிறுவனங்கள் கையை இறுக்கிவிட்டன. தியேட்டரில் எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகே பல படங்களுக்கு விலை பேசப்படுகிறது. முன்பு ரிலீஸுக்கு முன்பே பாதி பட்ஜெட்டைத் தாங்கிய பணம் இது. அது இல்லாவிட்டால் 25 கோடி படத்துக்கும் 25 கோடியை தியேட்டர் ஷேரிலேயே எடுக்க வேண்டும். அதற்கு 60 கோடிக்கு மேல் கிராஸ் தேவை.

‘கைதி 2’ அறிவிக்கப்பட்டிருக்கிறது. ‘விக்ரம்’ வெற்றிக்குப் பிறகு அதற்கு இருக்கும் எதிர்பார்ப்பும், லோகேஷின் இன்றைய மார்க்கெட்டும் சேர்ந்தால், லாரி அதேதான் என்றாலும் பட்ஜெட் பழைய 25 கோடியில் நிற்க வாய்ப்பில்லை.