வாக்கிழந்தோரின் வாக்கு: சி.வி. வேலுப்பிள்ளை



இன ஒதுக்கலை எதிர்த்தோர் என்றதும் அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங்கும் தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலாவும் நம் நினைவுக்கு வருகின்றனர். நமது மலைநாட்டிலும் அத்தகைய ஒருவர் வாழ்ந்தார். நானுஓயாவிலிருந்து கண்டிப் பக்கமாகப் புகையிரதம் இறங்குகையில் வரும் வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையே அவர்.

கங்காணிப் பரம்பரையில் வந்தவர். ஆங்கிலக் கல்வி பெற்றவர். விரும்பியிருந்தால் துரைமாரின் தயவில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ லயத்துச் சனங்களின் பக்கம் நின்றார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்ற எழுவருள், தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர் இவரே.

அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கு பிறந்திருக்க வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயத்தில் பிறந்தவர்கள் அதற்கு அத்தாட்சிப் பத்திரம் தேடி எங்கே போவது? இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்தெடுத்துக் கூன் விழுந்த என் பாட்டியின் றங்குப் பெட்டியில் அப்படியொரு பத்திரம் இருக்கவில்லை. செக்ரோலில் அவர் பெயர் இருந்தது. வாக்காளர் இடாப்பில் இல்லை. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜாவுரிமை இல்லாதோரின் வாக்கையும் பறித்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் எழுத்தறிவுச் சோதனை கறுப்பின மக்களின் வாக்கைத் தடுத்தது. இங்கே ஒரு கடதாசி தடுத்தது.

1952இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. கிங் தலைமை தாங்கிய மொன்ட்கொமரி பஸ் பகிஷ்கரிப்புக்கு மூன்றாண்டுகள் முந்திய அறப்போர் இது. அதே ஆண்டுத் தேர்தலில் மலையகத்தின் ஏழு ஆசனங்களும் இல்லாமற் போயின.

ஆசனம் போனாலும் சி.வி.யின் பேனா ஓயவில்லை. தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையிற் பாடியதோடு, 1970இல் 'உழைக்கப் பிறந்தவர்கள்' எனப் பொருள்படும் ஆங்கில நூலில் தோட்டத்து மாந்தரை உயிருடன் நடமாட விட்டார். தொழிற்சங்கம் அமைக்க முனைந்தவன் வேலையோடு தலைக்கு மேலிருந்த கூரையையும் இழக்கும் கொடுமையை 'வீடற்றவன்' நாவல் காட்டுகிறது. தோட்டத்து அறை தொழிலோடு பிணைந்தது; தொழில் போனால் அன்றே நடுத்தெருதான். எழுத்தறியாத் தாய்மாரின் வாயிலிருந்த பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983இல் நூலாக்கினார். அரசாங்கம் பதிய மறுத்த மக்களை இலக்கியத்திற் பதிந்து வைத்தவர் அவர் என்பேன்.

1984இல் அவர் மறைந்தார். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. பறித்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

வாக்குக் கிடைத்துவிட்டது. ஆயினும், குடியிருக்கும் அறைக்கோ நிலத்துக்கோ உறுதியில்லாத குடும்பங்கள் இன்றும் நம் தோட்டங்களில் ஏராளம். 'வீடற்றவன்' என்ற அந்தத் தலைப்பு இன்னமும் பழசாகவில்லை, நேயர்களே.