ஊசிக் காயம் சிறிதென்று எண்ணலாமா?

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே விளங்கும் புதுமண்டபத்தை அறியாதார் இலர். திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அம்மண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கிடையே தையற்காரர்கள் நெடுங்காலம் தங்கள் இயந்திரங்களை வரிசையாக இட்டுத் தொழில் நடத்தி வந்தனர். சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு தண்ணீர் பீய்ச்சும் அடியார்களின் உடைகள் அங்கே தைக்கப்பெற்றன. மண்டபத்தைச் செப்பனிடும் பொருட்டு அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. இடம் மாறினும் தொழில் மாறவில்லை. தொழிலோடு ஒட்டிய ஆபத்தும் மாறவில்லை.

நகரில் மட்டுமன்று, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தையல் இயந்திரமே சோறு போடுகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ் விதவையருக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் அரசு தையல் இயந்திரங்களை இலவசமாக வழங்கி வந்துள்ளது. மேற்கே போடிநாயக்கனூர்ப் பகுதியில் இலவம் பஞ்சு மெத்தையும் தலையணையும் தைப்போர் பலர். இவர்கள் அனைவருக்கும் முதலீடு என்பது பத்து விரல்களே. ஒரு விரல் மடங்காமற் போனால் வருவாயும் முடங்கிவிடும். ஆகவே ஊசிக் காயத்தைப் பற்றி நாம் சிறிது ஆராய்வது பயனுள்ளதாகும்.

கத்தரிக்கோல் வெட்டினால் காயம் அகலமாக இருக்கும், குருதி பெருகும், நாமும் அஞ்சி மருத்துவரை நாடுவோம். ஊசிக் காயமோ வெளியே ஒரு புள்ளி, உள்ளே ஆழம். மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ள, ஊசியுடன் சென்ற அழுக்கும் கிருமியும் உள்ளே தங்கிவிடுகின்றன. ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. காற்றுப் புகாத இடத்திலேயே பெருகுவது. துருப்பிடித்த ஊசியால்தான் இந்நோய் வரும் என்பது தவறான எண்ணம். பளபளக்கும் ஊசியானாலும் அதில் புழுதி ஒட்டியிருந்தால் ஆபத்து உண்டு.

விரல் நுனியின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. அங்குள்ள சதை சிறு சிறு அறைகளாகப் பிரிந்துள்ளது. சீழ் கட்டினால் பரவ இடமின்றி அழுத்தம் கூடி, விரல் விண்விண்ணென்று தெறிக்கும். இவ்வாறு வீங்கிய விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிவைப்பது நம் கிராம வழக்கம். அது சிறிது குளிர்ச்சி தரலாம். உள்ளிருக்கும் சீழை வெளியேற்றாது. நாளைக் கடத்தினால் எலும்பும் கெடக்கூடும். நீரிழிவு நோய் உள்ளவர்கள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும்.

இயந்திர ஊசி விரலில் இறங்கிவிட்டால், முதலில் மிதிப்பதை நிறுத்துக. கையை வெடுக்கென்று இழுத்தால் ஊசி உள்ளேயே முறியும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி ஊசியை மேலே எழுப்புக. எளிதில் வராவிடின், ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ஊசி விரலில் இருக்கும்படியே மருத்துவமனைக்குச் செல்க. ஊசி வெளிவந்ததும் அது முழுமையாக உள்ளதா என்று பார்த்தல் இன்றியமையாதது. முனை ஒடிந்திருந்தால் வீட்டில் தோண்டிப் பார்க்கலாகாது. எஞ்சிய துண்டையும் உடன் கொண்டு செல்க. உள்ளே தங்கிய துண்டு எங்குள்ளது என்பதை எக்ஸ்ரே படம் காட்டிவிடும்.

சிறு குத்தல் என்றாலும் ஓடும் தூய நீரில் சோப்பிட்டு நன்கு கழுவுக. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணம் முதலியவற்றை அறவே விலக்குக. பின்னர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, கடைசியாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டது எப்போது என்பதைக் கூறுக. ஆழமான காயமாயின், 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் ஒரு தடுப்பூசி தேவைப்படும். மகளிர் பலர் கருவுற்ற காலத்தில் இதனைப் போட்டுக்கொள்கின்றனர். ஆடவர்களோ பள்ளிப் பருவத்தோடு மறந்துவிடுகின்றனர். வீக்கமும் காய்ச்சலும் தோன்றினாலும், விரல் மடங்காவிட்டாலும், மரத்துப்போனாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். சில நாட்களோ வாரங்களோ கழித்து வாயைத் திறக்க இயலாமல் தாடை இறுகினால், ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

வருமுன் காப்பது இதனினும் எளிது. ஊசி இறங்கும் இடத்திற்கு நேராக விரலை வைக்காமல் இருபுறமும் வைத்துத் துணியைச் செலுத்துக. நூல் கோக்கும்போது காலை மிதியிலிருந்து எடுத்துவிடுக. கனத்த துணிக்கு ஏற்ற தடித்த ஊசியைப் பொருத்துக. மெல்லிய ஊசி வளைந்து முறியும். மெத்தையும் பழஞ்சேலை விரிப்பும் கையால் தைப்போர் விரலில் உலோகக் கூடு அணிந்துகொள்க. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தை விட்டொழிக்க. ஓர் இருமலில் அது தொண்டைக்குள் சென்றுவிடும். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஊசிகளை எண்ணுக. மெத்தைக்குள் தங்கிய ஊசி, அதில் உறங்கும் குழந்தையின் உடலில் தைக்கக்கூடும். இரவில் விளக்கொளி கையின் மீது விழுமாறு அமர்க.

மாலைக்குள் ஒரு ரவிக்கையைத் தைத்து முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், குத்திய விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைத் தொடரும் சகோதரிகளை நாம் நன்கு அறிவோம். அந்த வேலையைக் காட்டிலும் அந்த விரல் பெரிது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தங்கள் கூட்டத்தில் ஒரு நாள், “யார் யார் எப்போது தடுப்பூசி போட்டோம்?” என்று தங்களுக்குள் கேட்டுக் குறித்துவைத்தால், அதுவே நல்ல தொடக்கமாகும். கிழிந்ததைத் தைத்துச் சீராக்கும் கைகளைச் சீராகக் காப்பது நம் அனைவரின் கடமையன்றோ!