பெயர் இல்லாமல் மலையிறங்கும் பூண்டு

நம் சங்க அன்பர்களில் பலர் மூணாறு போய் வந்திருப்பீர்கள். மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளைப் பார்த்துவிட்டு, டாப் ஸ்டேஷனில் பனிமூட்டத்துக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். அங்கிருந்து பாம்பாடும் சோலைக் காட்டைக் கடந்து இன்னும் சிறிது தூரம் சென்றால் வட்டவடை. கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான். ஆனால் வீட்டிலும் வயலிலும் கேட்பது தமிழ். மலைச்சரிவைப் படிபடியாக வெட்டிய வயல்களில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டால் என் போன்ற ரயில்வேக்காரனுக்குச் சும்மா இருக்க முடியாது. அங்கே ஒரு காலத்தில் நிஜமாகவே ஸ்டேஷன் இருந்தது. 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதையாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகல இருப்புப் பாதையாக மாறியது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே. மூணாற்றுத் தேயிலை அதில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போகும். 1924 பெருவெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயரைப் பொறித்து அனுப்புவது அந்தத் தொழிலின் வழக்கம். எங்கள் இலாகாவிலும் லேபிள் இல்லாத வேகன் அனாதைதான்; உள்ளே தங்கமே இருந்தாலும் யார்டில் கிடக்க வேண்டியதுதான்.

வட்டவடைப் பூண்டுக்கு அந்த லேபிள் இருந்ததில்லை. பல் சிறியது, காரம் அதிகம், எண்ணெய்ச் சத்து அதிகம், நாள்பட வைத்திருக்கலாம். தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, புகை படும்படி தொங்கவிட்டுப் பதப்படுத்துகிறார்கள். ஆனால் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில் அது மற்ற ஊர்ப் பூண்டோடு ஒரே குவியலில் சேர்ந்துவிட்டால் வட்டவடை என்ற பெயர் அங்கேயே முடிந்தது. விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அவரிடமே விற்றாக வேண்டும். விலை பேச வாயில்லை.

2022இல் ‘காந்தளூர் வட்டவடைப் பூண்டு’ புவிசார் குறியீடு பெற்றது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019லேயே அந்தப் பெருமை கிடைத்திருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் குறியீட்டைப் போட்டு விற்க, விவசாயி தன்னை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் செய்தாலும், கடையில் நிற்பவர் “வட்டவடைப் பூண்டு இருக்கிறதா?” என்று கேட்காதவரை சான்றிதழ் பீரோவில்தான் தூங்கும். கேட்க வைப்பது எப்படி?

சென்ற முறை நான் அங்கே போனபோது, ஒரு விவசாயியின் மகள் கைபேசியில் தான் எடுத்துப் போட்ட படங்களைக் காட்டினாள். கல்லூரியில் படிக்கும் பெண். மேகம், மலை, பச்சை வயல், பின்னால் சினிமாப் பாட்டு. “ஆயிரக்கணக்குல பார்க்குறாங்க சார். ரூம் வாடகை எவ்வளவுன்னு கேக்குறாங்க. பூண்டைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கல” என்றாள். பார்த்தவர்கள் மேல் குற்றமில்லை. அந்தப் படங்களில் பூண்டே இல்லையே! அவளுடைய அப்பா ஒரு மூலையில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார், அதுவும் அழகுக்காக.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்களின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். சமையல் தொழிலில் இருந்த பெரியதம்பித் தாத்தாவும் அவருடைய பேரன்மாரும் 2018இல் தொடங்கினார்கள். 2021 ஜூலையில் அதன் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தொட்டனர். தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். அவர்கள் தங்களை ஆதரிக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை. அம்மியில் மசாலா அரைபடுவதை, அடுப்பு எரிவதை, ஆளாளுக்கு உரக்கப் பெயர் சொல்லிச் சாமான் போடுவதை அப்படியே காட்டினார்கள். தமிழே அறியாதவனும் கண் எடுக்காமல் பார்க்கிறான். வேலையைக் காட்டினால் வேலைக்கு மதிப்பு வருகிறது. இயற்கைக் காட்சியைக் காட்டினால் விடுதிக்காரருக்கு வாடகை வருகிறது.

இன்னொன்றும் உண்டு. மனம் கனக்கிற விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் படித்துவந்த வட்டவடை மாணவர் அபிமன்யு 2018 ஜூலையில் குத்திக் கொல்லப்பட்டார். தன் ஊரில் ஒரு நூலகம் வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. புத்தகம் கொடுங்கள் என்ற வேண்டுகோள் பரவியது. பல இடங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நூல்கள் மலையேறின. 2019 ஜனவரியில் நூலகம் திறக்கப்பட்டது. அனுப்பியவர்களில் எத்தனை பேர் வட்டவடையைக் கண்டிருப்பார்கள்? துயரம் அவர்களைத் தொட்டது உண்மை. அதோடு, செய்ய வேண்டியதும் ஒருவர் கைக்கு அடங்குவதாக இருந்தது: ஒரு புத்தகம், ஒரு முகவரி. ‘மலைவாழ் மக்களின் கல்விக்கு உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டிருந்தால் அத்தனை புத்தகம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மேகத்தை விட்டுவிடு, அப்பாவின் கையைப் படம் எடு. விதைப்பூண்டு உடைப்பது, அடுப்புக்கு மேலே புகை ஏறிய பரண், ஊர்ப் பூண்டையும் கடைப் பூண்டையும் அருகருகே நசுக்கிக் காட்டுவது. பின்னணியில் பாட்டு வேண்டாம், அப்பாவே பேசட்டும். கடைசியில் கிலோ என்ன விலை, கூரியர் எவ்வளவு, எத்தனை நாளில் வரும் என்று சொல். எவ்வளவு கைவசம் இருக்கிறதோ அவ்வளவுக்கே பணம் வாங்கு. அவளுடைய அப்பா, “வியாபாரி பார்த்தா கோவிச்சுக்குவாரே” என்று தயங்கினார். அந்தப் பயம் நியாயமானது. இந்த வருஷக் கடன் அவரிடம்தான் இருக்கிறது. அதனால் முதலில் பத்துக் கிலோ மட்டும் தனியே வைப்பதென்று வீட்டில் முடிவாயிற்று.

அந்தப் பத்தில் ஐந்து கிலோ எங்கள் குடியிருப்புக்கு வந்தது. ஆறு வீடுகள் பிரித்துக்கொண்டோம். அட்டைப்பெட்டியின் மேல் அந்தப் பெண் தன் கையெழுத்தில் ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் எழுதியிருந்தாள். பெட்டியைத் திறந்தபோது மாடிப்படி முழுக்கப் புகையும் பூண்டுமாக வாசனை. மூன்றாவது மாடி மராத்திக்கார அம்மாள் இறங்கி வந்து என்னவென்று விசாரித்துவிட்டுத் தனக்கும் கால் கிலோ கேட்டார். பணம் அனுப்பியதும் வட்டவடையிலிருந்து பதில் வந்தது: “சார், நீங்க அதுல என்ன சமைச்சீங்க? ஒரு படம் எடுத்து அனுப்புங்க, அப்பா பார்க்கணுமாம்.”