பத்தடிக்குப் பன்னிரண்டடி

மலையும் மனையும் – 9

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் அமைப்பைச் சென்ற வாரம் விவரித்தபோது, இவ்வூரைப் பற்றி நாடெங்கும் வழங்கும் ஒரு கதையை இந்த வாரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தோம். நாற்பத்து நான்கடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டிருந்த மலைநாட்டுப் பாதையை, எல்லவிலிருந்து பதுளைக்கு இறக்கும் மார்க்கம் புலப்படாமல் பொறியியலாளர்கள் திகைத்திருந்த வேளையில், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைக் கண்ட டி. ஜே. விமலசுரேந்திராவுக்கு, பாதையையும் அவ்வாறே சுற்றி வளைத்து அதன் கீழாகவே நுழைத்துவிடலாம் என்ற யுக்தி உதித்ததாம். 1924இல் பதுளையை அடைந்த அந்தப் பாதையிலே, தோட்டத்தார் கோச்சி என்று அழைக்கும் வண்டி இன்றும் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து வெளிப்படுகிறது. கதை மெய்யோ புனைவோ, அதிலே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. பொறியியலாளரின் நாமம் நிலைத்திருக்கிறது. கங்காணியின் தலைப்பாகையும் நிலைத்திருக்கிறது. கங்காணியின் பெயரை மட்டும் ஒருவரும் சொல்லுவதில்லை.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே கொட்டுவலையில் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் இத்தகைய கதை உண்டு. முதலாம் உலக மகா யுத்தத்தின் நிமித்தம் பாலத்துக்கென வந்த உருக்கு வேறிடம் திருப்பப்பட்டதென்றும், பி. கே. அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே அதை எழுப்பி முடித்தாரென்றும் ஊரார் சொல்லுவர். ஏறக்குறைய 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உள்ள இந்தப் பாலத்தைப் பற்றி இலங்கைப் பொறியியற் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கையோ, தலைப்பிலேயே அதைக் கொங்கிரீட் பாலம் என்று குறிப்பிடுகிறது. வாய்மொழிக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இந்தப் பேதத்தைப் பத்து வயதுப் பிள்ளைகளின் முன்னே வைத்து, பாலத்தடிக்கு அழைத்துச் சென்று, கண்ணால் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள் என்று விடுவதைக் காட்டிலும் உயர்ந்த சரித்திர பாடம் வேறொன்று இருக்க முடியாது.

ஆயினும், பாலத்தைக் காணத் தேசாந்தரங்களிலிருந்து ஜனங்கள் வந்து குவியும் இப்பிரதேசத்திலே, பாலத்தைப் போலவே நூறாண்டு கண்ட இன்னொரு வகைக் கட்டடம் மலைச்சரிவு தோறும் வரிசை வரிசையாக நின்றும் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. அதுதான் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது ஒரு காம்பராவின் உத்தேச அளவு. கருங்கல்லும் மண்ணும் சேர்ந்த சுவர், தகரக் கூரை, முன்னாலே ஓர் இஸ்தோப்பு. இப்படிப் பத்தோ பன்னிரண்டோ காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும். முதுகோடு முதுகு பொருந்திய இரட்டை லயமாயின் இருபதுக்கும் மேலாகும். அங்கே ஒவ்வொரு காம்பராவின் பின்சுவரும் அடுத்த குடும்பத்தின் பின்சுவராகையால், காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறுவதற்கு மார்க்கமே கிடையாது. புகைபோக்கி இல்லாத அந்த அறையின் உட்கூரை கரி படிந்து கறுத்திருப்பது ஏன் என்பதற்கு வேறு வியாக்கியானம் வேண்டியதில்லை.

இந்தக் கட்டடத்தை நன்கு அறிந்த பண்டிதர்கள் அதிலேயே பிறந்து அதிலேயே மூப்படைந்தவர்கள்தாம். அடிக்கோலும் கொப்பியும் கையில் கொண்ட சிறுமி ஒருத்தி, “அம்மாயி, அடை மழையில எங்க சமைச்சீங்க?” என்று கேட்டாளானால், “இந்த இஸ்தோப்புல தாம்மா, சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுத்தான்” என்று தொடங்கும் விடை, ஏணை கட்டிய விட்டம் எது, சாமி படம் மாட்டிய மூலை எது, மூத்த மகனுக்குக் கலியாணமானபோது சேலையைத் திரையாகக் கட்டி ஒரு காம்பராவை இரு குடும்பங்களுக்குப் பங்கிட்ட விதம் எவ்வாறு என்றெல்லாம் விரிந்து செல்லும். ஆனால், தம் அறையின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்த அந்த மூதாட்டிக்கு, தம் லயம் ஏன் ஓடையோரச் சரிவிலும் துரையின் பங்களா ஏன் காற்றோட்டமுள்ள மேட்டிலும் அமைந்தன என்ற காரணத்தை எவரும் எடுத்துக் கூறியதில்லை. தோட்டத்தின் வரைபடத்தை விரித்து, உச்சியிலே பங்களா, அதற்குக் கீழே ஐயாமாரின் குவாட்டர்ஸ், நடுவிலே பிரட்டுக்களமும் ஸ்டோரும், தேயிலைக்கு உதவாத நிலத்திலே பெரும்பாலும் லயம் என்று பேத்தி விரல் வைத்துக் காட்டும்போது, கற்பவர் யார், கற்பிப்பவர் யார் என்ற வித்தியாசம் இடம் மாறிவிடுகிறது. கட்டடக் கல்வி சிறுவர்க்கும் முதியவர்க்கும் ஏக காலத்திலே நிகழ வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் நியாயம் இதுவே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது அற்பமான ஆட்சேபமன்று. பாலத்தையும் கோயிலையும் கற்பிப்பது பெருமைக்குரியது. அடிமைத்தனத்தின் மிச்சமாகிய லயத்தைக் கற்பித்து, அதைப் பாரம்பரியம் என்று போற்றுவதா? இதே பதுளை மாவட்டத்திலே, கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில், 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மனிதர்களோடு மூடிப் புதைத்ததை அறிந்த எவரும் அவற்றைப் போற்ற ஒருப்படமாட்டார். ஏழு பேர்ச்சஸ் நிலத்திலே தனி வீடு என்ற கோரிக்கையும், இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் தொடங்கப்பட்ட நாலாயிரம் வீட்டுத் திட்டமும் நியாயமானவை. அவை தாமதமாக வந்தன என்பதே குறை. லயங்கள் மறைந்தேயாக வேண்டும். ஆனால் அளந்து எழுதப்படாமல் மறைந்தால், நூற்றைம்பது ஆண்டுக் காலம் ஒரு சமூகம் எவ்வளவு இடத்தில் குடிவைக்கப்பட்டது என்பதற்கான பிரத்தியட்சப் பிரமாணமும் உடன் மறைந்துவிடும். பிறகு, அப்படியொன்றும் மோசமாக இருக்கவில்லை என்று யாராவது எழுதினால், மறுப்பதற்கு நம்மிடம் என்ன எஞ்சியிருக்கும்?

இந்த அபாயத்தை முன்கூட்டியே உணர்ந்து செயலாற்றிய உதாரணம் ஒன்று இலங்கையிலேயே உண்டு. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் உள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்திலே, கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. அதற்கென மாளிகை எதுவும் எழுப்பப்படவில்லை. பழைய லயத்தின் காம்பராக்களே கூடங்களாயின. தொழிலாளர் புழங்கிய பாத்திர பண்டங்களும், தொழிற்கருவிகளும், வாத்தியங்களும், பழைய பத்திரங்களும் அங்கே சேகரிக்கப்பட்டுள்ளன. எனினும், எமது அபிப்பிராயத்தில் அங்குள்ள பிரதான காட்சிப் பொருள் அந்த அறைதான். அதற்குள் ஒரு வகுப்பு மாணவரை நிறுத்தி, ஒரு குடும்பம் முழுவதும் இங்கே உறங்கியது என்று சொன்னால், நூறு பக்கப் புத்தகம் புகட்டாததை அந்த நெருக்கடியே புகட்டிவிடும். ஒரு லயம் இவ்வாறு ஞாபகத்துக்கென நிலைநிறுத்தப்பட்டால், மற்ற லயங்களை விட்டு ஜனங்கள் மனக்குறையின்றி வெளியேறலாம்.

கடல் கடந்த ஓர் உதாரணத்தையும் குறிப்பிடுவோம். மலேசியாவின் பினாங்கிலே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நீங்கியதும், ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வசித்தவர்கள் வெளியேறத் தலைப்பட்டனர். அக்காலத்திலே நாடகக் கலைஞரான ஜெனட் பிள்ளையும் அவருடைய சகாக்களும், நகரத்துப் பிள்ளைகளைத் தெருக்களுக்கு அழைத்துச் சென்று, முதிய குடியிருப்பாளரையும் கைவினைஞரையும் விசாரித்து, வீடுகளை வரைந்து, கேட்டறிந்ததை நாடகமாகவும் படமாகவும் ஆக்கும் பயிற்சியைத் தொடங்கினர். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது கட்டடங்களுக்குக் கௌரவம் கிட்டியது. அக்கட்டடங்களுள் வாழ்ந்தவர்களின் வார்த்தைகளோ, அதற்கு முன்பே பிள்ளைகளின் வழியாகச் சேகரமாகத் தொடங்கியிருந்தன.

தெமோதரையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இதைத் தொடங்குவதற்குப் பெரும் திரவியம் தேவையில்லை. ஒவ்வொரு தோட்டத்துப் பாடசாலையும், தன் எல்லைக்குள் இடிக்கப்படவிருக்கும் லயம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, சுவரின் கனம், கதவின் உயரம், பீலி இருக்கும் தூரம், பிள்ளைக் காம்பராவுக்குச் செல்லும் பாதை ஆகியவற்றை அளந்து, ஒவ்வோர் அளவின் பக்கத்திலும் அந்தக் காம்பராவில் வாழ்ந்த முதியவர் ஒருவரின் வார்த்தையை அவருடைய அனுமதியோடும் பெயரோடும் எழுதிவைத்தால் போதும். ஒரு பிரதி பாடசாலையிலே இருக்கட்டும். ஒரு பிரதி பதுளைப் பொது நூலகத்துக்குச் செல்லட்டும். மூன்றாவது பிரதி புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பத்தின் கையிலே கொடுக்கப்படட்டும். தலைப்பாகை மட்டும் எஞ்சிப் பெயர் தொலைந்துபோன அந்தக் கங்காணிக்கு நேர்ந்த கதி, இந்தத் தலைமுறைக்கும் நேராதிருக்க வேண்டுமானால், பெயர்களை எழுதும் அலுவலை இந்தத் தவணையிலேயே தொடங்க வேண்டும்.

அடுத்த வாரம் ஸ்டோருக்குள் நுழைவோம். மேல்மாடிகளில் அத்தனை ஜன்னல்கள் எதற்காக வைக்கப்பட்டன, ஊவாவின் கச்சான் காற்றுக்கும் கொழுந்து வாடுவதற்கும் உள்ள சம்பந்தம் யாது, இயந்திரத்தின் அருகே ரோதை முனி வந்து குடியேறிய வரலாறு எத்தகையது என்பவற்றை அங்கே ஆராய்வோம்.

(தொடரும்)