அயோவைச் சூடாக்கும் கணக்கு

பைனாகுலரில் வியாழனைப் பார்த்த சின்னமனூர் வாசகர் ஒருவர், முந்தின இரவு நான்காகத் தெரிந்த நிலாக்கள் மறுநாள் மூன்றானது ஏன் என்று கேட்டிருக்கிறார். ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். ஆனால் அவற்றின் ஓட்டத்தில் இதைவிடப் பெரிய விந்தை உண்டு.

இந்த நிலாக்களில் அயோ வியாழனைச் சுற்ற 42½ மணி நேரம் ஆகிறது. யுரோப்பாவுக்கு ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு; கேனிமீடுக்கு நான்கு மடங்கு. இந்த ஒத்திசைவால் அயோவும் யுரோப்பாவும் நெருங்கும்போதெல்லாம் அயோ தன் பாதையின் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு முறை பட்ட இழுப்பை அடுத்த முறை அழிப்பதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. அயோவின் பாதை முழு வட்டமாக முடியாமல் சற்றே நீண்டு நிற்பது இதனால்தான்.

பாதை நீண்டால் வியாழனை நெருங்கியும் விலகியும் போய்வர வேண்டும். இழுப்பும் கூடிக் குறையும். நம் நிலா கடல்நீரை ஏற்றி இறக்குகிறது. அயோவிலோ பாறைத் தரையே சுமார் 100 மீட்டர் எழும்பித் தாழ்கிறது! கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் போடுகிறவர்களுக்கு இதன் பலன் கையிலேயே தெரியும்: கம்பியை முறிக்க இப்படியும் அப்படியும் வளைத்தால் வளைந்த இடம் சுடும். அயோவின் உள்ளே பாறை உருகுகிறது.

ஸ்டான்டன் பீலும் இரு சகாக்களும் இதைக் கணக்கிட்டு 1979 மார்ச் 2 அன்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மூன்றாம் நாள் வாயேஜர் 1 விண்கலம் வியாழனைக் கடந்தது. அது அனுப்பிய படமொன்றில், அயோவின் விளிம்பில் எரிமலை கக்கிய புகையை லிண்டா மொராபிட்டோ கண்டார்.

நிலாக்களின் ஓட்டத்தை இங்கிருந்தே அளக்கவும் வழி உண்டு. சுமார் ஆறு ஆண்டுக்கொரு முறை இந்த நிலாக்கள் ஒன்றையொன்று மறைக்கும் பருவம் வரும். ஒளி மங்கும் நொடியை அளந்தால் நிலாவின் இடம் துல்லியமாகக் கிடைக்கும். 1991 பருவத்தை ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் அளந்தார்கள். அந்த அளவுகளை ஆர். வசுந்தரா ஆராய்ந்தார். 1891 முதல் 2007 வரை சேர்ந்த கண்காணிப்புகளைக் கொண்டு, அயோ மெல்ல உள்நோக்கி நகர்கிறது என்று 2009இல் வாலெரி லெய்னியின் குழு காட்டியது.

காவலூரின் இந்த உழைப்பு நம் மாணவர்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. வியாழனுக்கு எத்தனை நிலாக்கள் என்று மட்டும் கேட்கிறோம். புதிதாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அந்த எண் மாறிக்கொண்டே இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து என்ன பயன்? வாங்கிய தொலைநோக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டும் பள்ளிகளும் உண்டு. அதை வெளியே எடுக்க 2026-27 நல்ல தருணம், அடுத்த மறைப்புப் பருவம் அப்போதுதான். கம்பம் பள்ளத்தாக்கில் இருபுறமும் மலை என்பதால், வியாழன் உச்சிப் பக்கம் ஏறிய பிறகு பார்ப்பது நல்லது. இரவுதோறும் நான்கு புள்ளிகளையும் நோட்டில் வரைந்து வந்தால், கேனிமீடு ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வருவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.