ஓரெழுத்துப் பிழை

கணிப்பொறியின் செயலகம் எண்களையன்றிப் பிறிதொன்றையும் அறியாது. 'இதனை அங்கே வை', 'இவ்விரண்டையும் கூட்டு' என்னும் ஏவல் ஒவ்வொன்றும் அதற்கு எண்ணே. அவ்வெண்களை மனிதர் நினைவிற் கொள்ளுதல் அரிதாதலின், ஒவ்வோர் ஏவலுக்கும் ஒரு குறுஞ்சொல்லை வகுத்தனர். அச்சொற்களால் ஆயது அசெம்ப்ளி மொழி. அவற்றை மீண்டும் எண்களாக மாற்றித் தரும் கருவி அசெம்ப்ளர் எனப்படும்.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை எழுதத் தொடங்கினார். கெர்னல் எனப்படும் அக்கரு பெரும்பாலும் 'சி' மொழியால் ஆயது. எனினும், செயலகத்தின் உள்ளுறுப்புகளை நேரே தொடவேண்டிய இடங்களில் அம்மொழி மட்டும் போதாது; ஆங்கெல்லாம் அசெம்ப்ளி வரிகள் இடையிடையே பெய்யப்பட்டுள்ளன. ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓட்டுங்கால், முன்னதன் நிலையை நினைவகத்திற் குறித்து வைக்கும் வரிகள் அத்தகையன. குறிக்கப்படுவனவற்றுள் எஃப்.எஸ்., ஜி.எஸ். என்னும் பகுதிப் பதிவகங்களும் அடங்கும். இன்டெல் 80386 செயலகத்தின் பொதுப் பதிவகங்கள் 32 பிட் அளவின. பகுதிப் பதிவகங்களோ 16 பிட் அளவினவே.

பெயர்த்து வைத்தலைக் குறிக்கும் குறுஞ்சொல் 'மூவ்' என்பதாம். தமிழில் வினைமுற்று தன் விகுதியால் பாலை உணர்த்துமாறு போல, இச்சொல் இறுதியில் ஓரெழுத்துப் பெற்று அளவை உணர்த்தும். 'டபிள்யூ' என முடியின் 16 பிட். 'எல்' என முடியின் 32 பிட். 'அவள் வந்தான்' என்பது வழுவாதல் போல, 16 பிட் பதிவகத்தை நினைவகத்தில் வைக்க 'எல்' விகுதி எழுதுவதும் வழுவே. லினக்ஸ் 2.4 கருவில் அவ்வழு இருந்தது.

அஃது அறியாமையால் நேர்ந்ததன்று. 'டபிள்யூ' எழுதினால், பழைய அசெம்ப்ளர் 102 என்னும் எண்ணுடைய ஒரு பைட்டை வீணே முன்னொட்டாகச் சேர்த்தது. 'எல்' எழுதினாலோ முன்னொட்டு வாராது; செயலகமும் எவ்வாறாயினும் 16 பிட் மட்டுமே எழுதும். ஆதலின் பொய்யான விகுதியே சிக்கனமாயிற்று. அசெம்ப்ளரும் வாளாவிருந்தது.

2005-ஆம் ஆண்டளவில் வெளிவந்த புதிய அசெம்ப்ளர், விகுதி பொருந்தவில்லை என்று கூறி அவ்வரிகளை ஏற்க மறுத்தது. கரு உருவாகாதாயிற்று, கருவின்றி இயங்குதளம் ஏது? பிழைச்செய்தியில் வரும் வரி எண்ணும் கற்பாரை மயக்கவல்லது. அவ்வெண் 'சி' மூலத்தின் வரியன்று. கம்பைலர் அதனை அசெம்ப்ளியாக மாற்றி அசெம்ப்ளருக்கு நேரே ஊட்டிய இடைநிலைப் பாடத்தின் வரி. மூலத்தில் அவ்வெண்ணுள்ள வரியை எத்துணை முறை நோக்கினும் பிழை புலப்படாது. கம்பைலரை அசெம்ப்ளி நிலையிலேயே நிற்குமாறு பணித்து, அப்பாடத்தை வெளிக்கொணர்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய அசெம்ப்ளரையே மீண்டும் நிறுவிக்கொள்ளுதல் எளிய வழிபோல் தோன்றும். அது நோயை விடுத்து, நோயுரைத்த மருத்துவரை நீக்குவதாம். 4 பைட்டு எழுதப்பட்டதென்று வரி கூறுகிறது, எழுதப்பட்டவையோ 2. எஞ்சிய 2 பைட்டில் பழைய எண் ஏதேனும் தங்கியிருக்க, பின்வருவோன் நான்கையும் ஒன்றாகப் படிப்பானாயின் தவறான விடையே பெறுவான். பதிவகத்திற்கு மீட்கும்போது கீழ் 16 பிட்டை மட்டுமே செயலகம் கொள்வதால், அக்கருவில் இத்தீங்கு நேராதிருந்தது.

தக்க திருத்தம் மிகச் சிறிது. விகுதியை அறவே நீக்கி, 'மூவ்' என்று மட்டும் எழுதினாற் போதும். பதிவகத்தின் பெயரைக் கொண்டே அசெம்ப்ளர் அளவை உணரும். பழையதும் புதியதும் அவ்வரியை ஒருங்கே ஏற்கும். வீண் முன்னொட்டும் சேராது. திருத்தியபின் விளைந்த எண்களை, முன்னர்ப் பழைய அசெம்ப்ளர் 'எல்' விகுதிக்குத் தந்த எண்களோடு ஒப்பிட்டால், அவ்விடத்தில் ஒரு பைட்டும் மாறியிராது.